அளவறிந்த கை

கனமாக இருப்பதே உறுதியாக இருக்கும் என்பது இரும்போடு வாழ்ந்த தலைமுறையின் நம்பிக்கை. அந்நம்பிக்கை அனுபவத்தில் பிறந்தது. எளிதில் பழித்துவிடத் தக்கதன்று. தோட்டப்புற வாழ்க்கையில் பால் வாளியும் மண்வெட்டியும் மிதிவண்டியும் கனமாக இருந்தமையால்தான் நெடுங்காலம் உழைத்தன. மெலிந்த பொருள் விரைவில் முறிந்தது. முறிந்தால், மாற்றுப் பொருள் வாங்கச் சம்பள நாள் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே, ஒரு பொருளைக் கையில் தூக்கிப் பார்த்து, அதன் கனத்தைக் கொண்டே தரத்தை முடிவு செய்யும் பழக்கம் அம்மக்களிடையே வேரூன்றி நின்றது.

சுங்கை பூலோவில் ஒரு வரிசை வீட்டின் முன்கூடத்தில், ஒரு சனிக்கிழமைக் காலையில், அப்பழக்கம் உடைய தந்தை ஒருவர், தம் மகன் பிரித்து வைத்த நீண்ட அட்டைப்பெட்டிக்குள் கைவிட்டுக் கரிய பொருள் ஒன்றைத் தூக்கினார். கனத்தை எதிர்பார்த்துத் தூக்கிய கை, கனம் இன்மையால் தடுமாறியது. மலை மிதிவண்டிக்கு உரிய கார்பன் சட்டகம் அது. இளைஞர்கள் ‘பிரேம்’ என்று வழங்குவர். பின்சக்கரத்தைத் தாங்கும் கைகளோடும் அதிர்வு தாங்கியோடும் சேர்த்து நிறுத்தாலும் அதன் எடை ஏறத்தாழ 3 கிலோதான்.

“தம்பி, உள்ளே ஒன்றும் இல்லையே. இதை நம்பியா மலையில் இறங்கப் போகிறாய்?” என்றார் தந்தை.

“இரும்பைவிட உறுதி, அப்பா,” என்றான் மகன்.

தந்தை மறுமொழி கூறவில்லை. பொருளை மெல்லப் பெட்டியிலேயே வைத்தார்.

அவர் 68 வயதினர். உலு சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்வெட்டுத் தொழிலாளியாக இளமையைக் கழித்தவர். விடியுமுன் நிரைக்குச் சென்று, நண்பகலில் பால் எடுத்து, ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள இரும்பு மிதிவண்டியின் பின்தாங்கியில் பால் தோம்பைக் கட்டிக்கொண்டு, செம்மண் பாதையில் ஸ்டோருக்கு மிதித்துச் சென்ற கால்கள் அவருடையவை. மாலை வேளைகளில் லயத்து மக்களின் மிதிவண்டிகளைச் செப்பனிட்டுக் கொடுத்து நாலு காசு சேர்த்தவர். தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்காக விற்கப்பட்ட பின், நகர்ப்புறம் வந்து, காவலாளி வேலை பார்த்து மகனைப் படிக்க வைத்தார். மகனுக்கு வயது 34. தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்புப் பணி.

மகனின் ஆசை, கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை அடுத்துள்ள புக்கிட் கியாராவின் காட்டுப் பாதைகளில் வண்டி ஓட்ட வேண்டும் என்பது. அக்குன்று ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். 1970களில் அரசு அந்நிலத்தைக் கையகப்படுத்தியது. அங்குப் பாடுபட்ட தமிழ்க் குடும்பங்கள் நீண்ட வீடுகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டு, நிலையான வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தன. மனிதர் வெளியேறிய இடத்தில் மரங்கள் மட்டும் எஞ்சி நின்று காடாயின. அம்மரங்களுக்கு இடையே ஆர்வலர்கள் தங்கள் கையால் வெட்டிப் பேணிய பாதைகளில்தான் இன்று மலை மிதிவண்டிகள் ஓடுகின்றன.

மலை மிதிவண்டியின் வரலாறும் நீண்டதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் வட்டாரத்தைச் சேர்ந்த இளைஞர் சிலர், 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்டுப் பழையனவாகிப்போன கனத்த மிதிவண்டிகளைத் தேடிப் பிடித்து, மலைச்சரிவுகளில் இறக்கி விளையாடினர். 1976ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்கள் நடத்திய முதல் போட்டியின் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே மூச்சில் இறங்குகையில், பின்சக்கரத் தடையின் உட்புறச் சூட்டில் மசகு உருகிப் புகையாகிவிடும்; ஒவ்வோர் இறக்கத்துக்குப் பின்னும் அதை மீண்டும் அடைக்க வேண்டியிருந்தது. அப்பெயரின் பொருளும் அதுவே. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே புதிய சட்டகம் ஒன்றைச் செய்தார். 1989இல் பால் டர்னர் என்பவரின் முயற்சியால் ராக்‌ஷாக்ஸ் முன் அதிர்வு தாங்கி விற்பனைக்கு வந்தது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் விளையாட்டில் மலை மிதிவண்டி ஓட்டம் இடம்பெற்றது. விளையாட்டாகத் தொடங்கியது இருபதே ஆண்டுகளில் உலக அரங்கு ஏறிவிட்டது.

கார்பனின் கதை ஆசியாவில் தொடங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஒசாகாவில் அகியோ ஷிண்டோ என்ற ஆய்வாளர், செயற்கை இழை ஒன்றைக் கடுஞ்சூட்டில் கரியாக்கி, வலிய கார்பன் இழை செய்யும் வழியைக் கண்டார். 1971இல் டோரே நிறுவனம் அதை வணிக நோக்கில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. தலைமயிரினும் பன்மடங்கு நுண்ணிய அவ்விழைகளைப் பிசினில் தோய்த்துத் தாள்போல் ஆக்கி, பற்பல திசைகளில் அடுக்கி, அச்சில் வைத்துச் சூடேற்றி இறுக்கினால், எஃகின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே உடைய உறுதியான உடல் பிறக்கிறது. இன்று அத்தகைய சட்டகங்கள் தைவானிலும் சீனாவின் சியாமென் நகரிலும் பெருமளவில் வார்க்கப்படுகின்றன.

முன்னும் பின்னும் அதிர்வு தாங்கிகளோடு முழுமை பெற்ற கார்பன் வண்டியின் விலை, கடைகளில் 20,000 ரிங்கிட்டைத் தாண்டுவதுண்டு. மகனின் ஊதியத்துக்கு அது எட்டாக் கனி. ஆகவே, அவன் சியாமென் பட்டறை ஒன்றிலிருந்து சட்டகத்தை மட்டும் 3,500 ரிங்கிட்டுக்குத் தருவித்தான். அதற்கு முன், ஐ.எஸ்.ஓ. 4210 என்னும் பாதுகாப்புத் தரத்தின்படி அது சோதிக்கப்பட்டதா என்று கேட்டு, சோதனை அறிக்கையைப் பெற்றுப் படித்தான். மற்ற உறுப்புகளை ஒவ்வொரு மாதமும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தான். கியர்ப் பகுதிகள் ஷிமானோவின் படைப்பு. 1921இல் ஜப்பானின் சாக்காய் நகரில் தோன்றிய அந்நிறுவனம் 1973இல் சிங்கப்பூருக்கு வந்தது. பின்னர் ஜொகூரின் பொந்தியானிலும் ஆலை அமைத்தது. தந்தை அதைக் கேட்டபோது முதன்முறையாக முகம் மலர்ந்தார். “பொந்தியானா? நம் ஊர்ப் பிள்ளைகளின் கைப்பட்டதும் இதில் இருக்கும் என்று சொல்,” என்றார்.

உறுப்புகளை வாங்குவது எளிது. அவை ஒன்றோடொன்று பொருந்துவதே அரிது. பின்சக்கர அச்சின் அகலம் 148 மில்லிமீட்டர் என்றால், 142 மில்லிமீட்டர்ச் சக்கரம் அதில் பொருந்தாது. இருக்கைத் தண்டின் விட்டம் 31.6 மில்லிமீட்டர் என்றால், 30.9 மில்லிமீட்டர்த் தண்டு அதில் ஆடும். பின் அதிர்வு தாங்கியின் நீளம் 210 மில்லிமீட்டர், அது அமுங்கும் தொலைவு 55 மில்லிமீட்டர் என்று குறித்திருந்தால் அதில் மாற்றம் கூடாது. மகன் ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் இவ்வளவுகளையெல்லாம் அட்டவணையாக எழுதி வைத்திருந்தான். தந்தை அதைப் புரட்டிப் பார்த்தார், எண்களாகவே இருந்தன. மூடி வைத்துவிட்டார்.

வேலை தொடங்கிய பின் தந்தையால் விலகி நிற்க இயலவில்லை. பெடல் அச்சைத் தாங்கும் கிண்ணங்களைச் சட்டகத்தின் அடியில் திருகும்போது, வலப்பக்கக் கிண்ணம் ஏறாமல் அடம்பிடித்தது. மகன் புத்தகத்தைத் தேடினான். “வலப்பக்கம் எதிர்மரை தம்பி. இடமாகத் திருப்பு. அந்தக் காலத்து வண்டியிலும் அப்படித்தான்,” என்றார் தந்தை. கிண்ணம் வழுக்கிக்கொண்டு ஏறியது. மிதிவண்டி எவ்வளவோ மாறிய பின்னும் அந்த மரை மாறவில்லை என்பது அவருக்குப் பெருமை தந்தது. சக்கரத்தில் சிறு கோணல் இருந்தது. தந்தை 32 ஸ்போக் கம்பிகளையும் விரல் நகத்தால் ஒவ்வொன்றாகச் சுண்டி, ஒலியைக் கொண்டே தளர்ந்த கம்பிகளைக் கண்டறிந்து, அரைமணி நேரத்தில் கோணலை நீக்கினார். மகன் வியந்து நின்றான்.

மற்றொரு நாள், உள்குழாய் இல்லாத டயருக்குள் ஊற்றும் வெண்ணிறத் திரவத்தின் புட்டியை மகன் திறந்தான். முள் குத்தினால் அத்துளையில் தானாகவே உறைந்து அடைத்துக்கொள்ளும் திரவம் அது. நெடி கூடத்தில் பரவியது. அடுக்களையிலிருந்து தந்தை விரைந்து வந்தார். “இது நம் பால் அல்லவா?” என்றார். உண்மைதான். அத்திரவத்தின் உட்பொருள் இயற்கை ரப்பர்ப் பால். அது உறையாமல் இருக்க அம்மோனியா சேர்த்திருந்தார்கள். தோட்டத்தில் வாளிப் பால் கட்டிவிடாமல் இருக்கச் சேர்த்ததும் அதுவே. தந்தை ஒரு துளியை விரலில் எடுத்து, கட்டைவிரலால் தேய்த்து, அது நூலாய்த் திரள்வதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். சக்கரத்துக்கு 100 மில்லிலிட்டர் வீதம் அளந்து ஊற்றியவர் அவரே.

ஒன்றை மட்டும் மகன் தந்தையின் கையில் கொடுக்கவில்லை. அது டார்க் ரென்ச் என்னும் கருவி. திருகும் விசையை முன்கூட்டியே குறித்து வைத்தால், அவ்வளவு வந்தவுடன் ‘டக்’ என்று ஒலித்து உணர்த்தும் கருவி அது. கார்பன் உறுப்புகளுக்கு அது இன்றியமையாதது. எஃகு, அளவு மீறி இறுக்கினால் சற்று வளைந்து கொடுக்கும், கார்பன் வளையாது. அதன் அடுக்குகள் உள்ளுக்குள்ளே பிரியும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே, ஒவ்வொரு போல்ட்டின் அருகிலும் எண் அச்சிடப்பட்டிருந்தது. இருக்கைத் தண்டைப் பிடிக்கும் கிளாம்புக்கு உரிய எண் 5 நியூட்டன் மீட்டர். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 5 கிலோ எடை தொங்கினால் உண்டாகும் விசை அவ்வளவே. விலை உயர்ந்த கருவி என்பதால் மகன் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். அதன் பயன் யாது என்று தந்தையிடம் கூற வேண்டும் என அவனுக்குத் தோன்றவில்லை.

ஏழாம் மாதத்தில் வண்டி முழுமை பெற்றது. எடை 13.8 கிலோ. மகன் இருக்கையில் அமர்ந்து, பின் அதிர்வு தாங்கியில் காற்றடித்து, தன் உடல் எடைக்கு அது 16 மில்லிமீட்டர் அமுங்குமாறு, அதாவது மொத்தத் தொலைவில் பத்தில் மூன்று பங்கு அளவாக, சரி செய்தான். தெருவில் ஒரு சுற்று ஓட்டினான். வண்டி சிறப்பாகவே ஓடியது. ஒரே குறை, இருக்கை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அதன் காரணம் அவனுக்குத் தெரியும். கார்பன் குழாயில் செருகும் தண்டுக்கு மணல்போன்ற நுண்துகள் கலந்த தனிப் பசை பூச வேண்டும். அப்பசை இன்னும் வந்து சேரவில்லை. அவசரத்தில் சாதாரண மசகைப் பூசியிருந்தான். “இருக்கை இறங்குகிறது. காலையில் பார்க்கலாம்,” என்று கூறிவிட்டு இரவு வேலைக்குச் சென்றான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நண்பர்களோடு முதன்முறையாகப் புக்கிட் கியாரா செல்லும் நாள்.

மகன் களைத்து வருவான். அவனுக்கு ஒரு வேலையாவது குறையட்டும் என்று தந்தை எண்ணினார். ஆலன் கீயை எடுத்தார், போல்ட்டை இறுக்கினார். இருக்கை அப்பொழுதும் இறங்கியது. ஆலன் கீயோடு ஒரு சாண் குழாயைச் சேர்த்துப் பிடித்து, இனி அசையாது என்ற நிலை வரையில் இறுக்கினார். லயத்து வண்டிகளுக்கு அவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்தது அதுவே. 20 சென்டிமீட்டர் நீளத்தில் 10 கிலோ விசை கொடுத்தால் 20 நியூட்டன் மீட்டர். உரிய அளவைப்போல் நான்கு மடங்கு. இருக்கை அசையவில்லை. தந்தை நிறைவோடு உறங்கச் சென்றார்.

மறுநாள் மலையேற்றத்தில், பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்ற மெல்லிய ஒலி எழுந்தது. மகன் முதலில் பேரிங்கின்மீது ஐயுற்றான். இறக்கங்களில் ஓட்டாமல், வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பினான். வீட்டில் ஒவ்வோர் இணைப்பையும் கழற்றித் துடைத்தான். இறுதியில் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, கிளாம்பின் பிளவிலிருந்து கீழ்நோக்கி, மயிரிழைபோல் ஒரு கோடு 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓடியிருந்தது. ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்தான். மற்ற இடங்களில் கணீர் என்ற ஒலி. அவ்விடத்தில் மட்டும் மரத்துப்போன ஒலி. நாணயத்தின் ஒலி மாறியதைக் கூடத்தில் அமர்ந்திருந்த தந்தையும் கேட்டார். ஸ்போக் கம்பியின் ஒலியில் குறை கண்ட காதுகள் அவை.

“இரவில் இதை யார் இறுக்கியது?”

“நான்தான் தம்பி.”

மகன் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நான்கு நாட்கள் அவ்வீட்டில் உணவு பரிமாறும் ஒலியைத் தவிர வேறு ஒலி இல்லை. வண்டி சுவரில் சாய்ந்து நின்றது. தந்தை முன்கூடத்துக்கு வருவதையே தவிர்த்தார்.

செய்தியறிந்த நண்பர்கள் ஆளுக்கொரு வழி கூறினர். “பெட்டியிலிருந்து எடுக்கும்போதே விரிசல் இருந்தது என்று பட்டறைக்கு எழுது; வேறு சட்டகம் அனுப்புவார்கள்,” என்றார் ஒருவர். “கோட்டின்மேல் ஓர் ஒட்டுத்தாளை ஒட்டி விற்றுவிடு. 6,000 ரிங்கிட்டுக்கு வாங்க ஆள் இருக்கிறது,” என்றார் மற்றொருவர். முதல் வழியை மகன் அப்பொழுதே தள்ளினான். இரண்டாவது வழி அவன் உள்ளத்தை அரித்தது. ஏழு மாத உழைப்பு. 9,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட செலவு. வாங்குபவர் மெதுவாக ஓட்டுபவராக இருந்தால் ஒன்றும் நேராமலே போகலாம் அன்றோ? வியாழக்கிழமை மாலை ஒருவர் வண்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. மகன் கருநிற ஒட்டுத்தாள் ஒன்றைக் கத்தரித்து வைத்திருந்தான்.

அதைத் தந்தை கண்டார். அன்றுதான் அவர் வாய் திறந்தார்.

“தம்பி, தாள் கண்ணை மறைக்கும், மலையை மறைக்குமா? அவன் இறங்கும்போது அது முறிந்தால், முறித்தது என் கை. என் கையால் ஊரார் பிள்ளை விழ வேண்டாம்.”

மகன் தலைகுனிந்தான். வருவதாக இருந்தவரைத் தொலைபேசியில் அழைத்து, வண்டியில் விரிசல் இருக்கிறது, விற்பதற்கில்லை என்று கூறினான். பின்னர்ப் பூட்டிய பெட்டியைத் திறந்து, டார்க் ரென்ச்சை எடுத்துத் தந்தையின் முன் வைத்தான். 5 என்ற எண்ணில் நிறுத்தி, பழைய போல்ட் ஒன்றை இறுக்கிக் காட்டினான். ‘டக்’ என்றது. “இவ்வளவுதான், அப்பா. இதற்குமேல் கூடாது,” என்றான்.

தந்தை கருவியை வாங்கித் தாமும் திருகிப் பார்த்தார். ஒலி வந்ததும் கை நின்றது. மீண்டும் திருகினார், மீண்டும் நின்றது. பிறகு எழுந்து உள்ளே சென்று, பழந்துணியில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டு வந்தார். அது பால் வெட்டும் உளி. துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி வைத்திருந்தார்.

ரப்பர் மரத்தின் பட்டையில் பால் ஊறும் நுண்குழாய்கள், மரத்தை ஒட்டிய உட்பகுதியில்தான் நெருக்கமாக உள்ளன. மேலாக வெட்டினால் பால் குறையும். ஆழமாக வெட்டினால், பட்டைக்கும் மரத்துக்கும் இடையேயுள்ள மெல்லிய வளரும் படலம் காயப்படும். அவ்விடத்தில் புதுப் பட்டை சீராக வளராமல் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும். ஆகவே, அப்படலத்தைத் தொடாமல் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். சீவி எடுக்கும் பட்டையின் கனமும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். விடியாத இருளில், தலையில் கட்டிய விளக்கின் ஒளியில், மரத்துக்கு மரம் அவ்வளவைக் காப்பது கைதான், கண் அன்று. மரத்தைக் காயப்படுத்தியவன் கங்காணியின் ஏச்சுக்கு ஆளாவான்.

“முந்நூறு மரம், நானூறு மரம் வெட்டுவேன். காயம் படாது,” என்றார் தந்தை. “இரும்புக்கு ஒரு கை, மரத்துக்கு ஒரு கை. இதற்கு எந்தக் கை என்று நீ சொல்லவில்லையே, தம்பி.”

அக்கேள்வியில் கடிந்துரை இல்லை. ஆயினும், மகன் அன்றிரவு உறங்கவில்லை. தந்தையின் கை முரட்டுக் கை என்று நான்கு நாட்களாக அவன் எண்ணியிருந்தான். தன் தொழிற்கருவி எதுவும் காட்டாத நுண்மையை அக்கை ஆயிரமாயிரம் விடியல்களில் காட்டியது என்பதை அவன் அறிந்திருக்கவில்லை. தவறான மசகைப் பூசியது தன் கை. அளவைச் சொல்லாமல் கருவியைப் பூட்டி வைத்ததும் தன் கை. தந்தையின் கை, தெரிந்த ஒன்றைத் தெரியாத பொருளின்மேல் அன்பினால் செய்தது. அவ்வளவே.

மறுவாரம் இருவரும் கார்பன் உறுப்புகளைச் செப்பனிடும் பட்டறை ஒன்றுக்குச் சட்டகத்தைக் கொண்டு சென்றனர். பட்டறைக்காரர் விரிசலைச் சுற்றிப் பட்டையைப் படிப்படியாகத் தேய்த்து எடுத்து, சேதமுற்ற அடுக்குகளின் எல்லையைக் கண்டார். நல்ல பகுதியின் மீது படியுமாறு புதிய இழைத்தாள்களை, பழைய இழைகள் ஓடிய திசையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பிசினிட்டு, அழுத்திச் சூடேற்றினார். குழாயின் உள்விட்டம் மாறவில்லை என்பதைத் தண்டைச் செருகிக் காட்டினார். அவ்வேலைக்கு இரண்டு வாரமும் 700 ரிங்கிட்டும் ஆயின. மாதம் ஒரு முறை விளக்கொளியில் பார்த்து, நாணயத்தால் தட்டிக் கேட்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். “அதை நான் கேட்டுக்கொள்கிறேன்,” என்றார் தந்தை.

வண்டி மீண்டும் கோக்கப்பட்டது. உரிய பசை வந்து சேர்ந்திருந்தது. இம்முறை எண்களை மகன் படித்தான். கருவியைத் தந்தை பிடித்தார். கைப்பிடித் தண்டு, 5. அதிர்வு தாங்கியின் போல்ட், அதற்குரிய எண். இறுதியாக இருக்கைக் கிளாம்பு. மகன் கருவியின் எண்ணை நிறுத்தித் தந்தையிடம் நீட்டியபோது, அவர் சற்றுத் தயங்கினார். “நீயே செய் தம்பி,” என்றார். “இல்லை அப்பா. உங்கள் கைதான்,” என்றான் மகன். ‘டக்’ என்ற ஒலி எழுந்தது. இருவரும் அதைக் கேட்டனர். இருக்கை இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புக்கிட் கியாராவுக்குத் தந்தையும் சென்றார். மகன் காட்டுப் பாதையில் ஏறிச் சென்றபின், அவர் பாதையோரத்துப் பழைய ரப்பர் மரங்களிடையே நடந்தார். பல மரங்களில் வெட்டின் தழும்பு இன்னும் தெரிந்தது. ஒரு மரத்தின் பட்டை முடிச்சு முடிச்சாக இருந்தது. அடுத்த மரத்தின் பட்டையோ புண்ணே படாததுபோல் மழமழவென்று வளர்ந்திருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். யாரோ ஒருவர், பெயர் தெரியாத ஒருவர், ஒரு மில்லிமீட்டரை மதித்து வெட்டிய மரம் அது. வெட்டியவர் இம்மண்ணை விட்டுச் சென்று நெடுங்காலமாயிற்று. அவர் காத்த அளவு மரத்தில் நிற்கிறது.

மேலிருந்து டயர்கள் சருகை அரைக்கும் ஒலி கேட்டது. மகன் வேர்களின்மீதும் கற்களின்மீதும் இறங்கி வந்தான். பின்சக்கரம் மேலும் கீழும் தாழ்ந்தெழ, அவன் உடல் மட்டும் நிலைத்து வந்தது. தந்தை காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். ‘டிக்’ என்ற ஒலி இல்லை.

பொருள்கள் மாறும், இரும்பு போய்க் கார்பன் வரும், நாளை வேறொன்று வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. அவ்வளவை அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்ல வேண்டும். அறியாதவர் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டில் இவ்விரண்டும் நிகழ்ந்துவிட்டால், அவ்வீட்டில் எழும் விரிசல் எதுவாயினும் செப்பனிடத் தக்கதே.